அண்ணன் சேர்த்த பாட்டுகள்

ஓஸ்லோ மைய ரயில் நிலையத்தருகே இரண்டாம் எண் மெட்ரோவைப் பிடித்தபோது காலை பத்தரை மணி. கிழக்கே இருபது நிமிடம் போனால் புருசெத். அடுக்குமாடிகள், நடுவில் மே மாதத்துப் புதுப்புல். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே நர்ஸாக வேலை பார்க்கும் சுகந்தி நிலையத்துக்கே வந்திருந்தாள். நண்பர் வழியாக அறிமுகமானவள்.

“வாங்கோ அண்ணா. நான் சமைக்கேல்லை. பக்கத்து வீட்டு ஆய்குல் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறா. நீங்கள் மதுரையிலை நாட்டுப்பாட்டுச் சேகரிக்கிற வாத்தியார் எண்டு சொன்னனான். கட்டாயம் கூட்டிக்கொண்டு வா எண்டிட்டா.”

ஆய்குல் உய்குர் இனத்தவர். சீனாவின் மேற்குக் கோடியிலுள்ள காஷ்கரிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நாங்கள் நுழைந்தபோது மாவைக் கயிறுபோல் இழுத்து நூடுல்ஸ் ஆக்கிக்கொண்டிருந்தார். என்னிடமும் ஒரு துண்டு தந்தார். இழுத்ததும் அறுந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆட்டிறைச்சிக் குழம்பை ஊற்றித் தந்தவர், தட்டு காலியாகும் முன்பே மறுபடி நிரப்பினார். அவர் நோர்வேஜிய மொழியில் பேசியதைச் சுகந்தி எனக்குத் தமிழில் சொன்னாள்.

“நீங்களும் பாடுவீங்களா?” என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. “தமையன்தான் பாட்டுக்காரன் எண்டுறா,” என்றாள் சுகந்தி.

அண்ணன் சாதிக் பல்கலைக்கழக ஆசிரியர். கிராமம் கிராமமாகப் போய்க் கல்யாணப் பாட்டுகளைப் பதிவு செய்தவர். அரசே பாராட்டிய வேலை அது. பிறகு அதே அரசுக்கு அந்தப் பாட்டுகள் பிரிவினைவாதம் என்றாகிவிட்டன.

“ஒருநாள் அவர் போன் எடுக்கேல்லையாம். பிறகு தாய் போன் பண்ணி, ‘இனி இஞ்சை போன் பண்ணாதை’ எண்டு மட்டும் சொல்லி வைச்சிட்டாவாம்.”

ஊரிலிருந்து தப்பி வந்த ஒருவர்தான் அண்ணனுக்கு நீண்ட சிறைத்தண்டனை என்று சொன்னார். எந்தச் சிறை, எப்படி இருக்கிறார், தெரியாது.

“இதை நான் எழுதினா அம்மாவுக்குத் தொந்தரவு வருமே. பேரை மாத்திடவா?” என்றேன்.

ஆய்குல் தேநீரை ஊற்றிவிட்டு கோப்பையை என் பக்கம் தள்ளினார். பின்பு மெல்லச் சொன்னார்.

“இவ்வளவு வருஷமும் தான் பயத்திலை வாயைத் திறக்கேல்லையாம். அதுக்காக அவையள் அண்ணனை வெளியிலை விடேல்லையாம். அண்ணன்ரை பேரையே போடட்டாம்.”

சாதிக். எங்கள் கல்லூரியிலும் இந்தப் பெயரில் மாணவர்கள் இருக்கிறார்கள்.

அண்ணன் பதிவு செய்த பாட்டொன்றை ஆய்குல் பாடினார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கழுதை பாதி வழியில் படுத்துக்கொண்டதாம்; பெண்வீட்டார் கேலி செய்கிறார்கள். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இதிலை என்ன குற்றம் எண்டு கேக்கிறா,” என்றாள் சுகந்தி. நான் ரெக்கார்டரோடு ஊருக்குள் போனால் நாய் குரைக்கும், குடித்தவர் யாராவது மைக்கைப் பிடுங்குவார். என் வேலையை யாரும் மதிப்பதில்லை என்று புலம்பியிருக்கிறேன். அந்த வேலைக்காகச் சிறைக்குப் போவோம் என்று ஒருநாளும் பயந்ததில்லை.

வாசலில் விடைபெறும்போது ஆய்குல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணன் வெளியிலை வந்தா, உங்கடை பாட்டுகளைக் கேக்க மதுரைக்கு வருவாராம்.”

“வரட்டும். எங்க வீட்லயே தங்கட்டும்,” என்றேன்.

சுகந்தி அதை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். ஆய்குல் என் கையை விடாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.