ஒரு சாண் சந்து

மூட்டைக்காரர் தம் மனைவிக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன கடன் என்று கேட்டவர்களிடம், கடன் என்று சொல்லித்தான் வாங்கினேன், இனாமாக எவனிடமும் ஒரு குண்டூசி வாங்கியதில்லை என்று மார்தட்டினார். சந்தையில் இருபத்தாறு வருடம் மூட்டை சுமந்து, அந்த முதுகாலேயே ஒரு வீடும் பின்னால் அரை ஏக்கரும் சம்பாதித்த மனிதர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர்தான். ஆனால் கணக்கில் அவரை ஏய்க்க இனிமேல் ஒருவன் பிறந்து வரவேண்டும்.

அந்தப் பணம், வெளியூர் ஆஸ்பத்திரியில் துணி துவைத்து மனைவி ஒன்பது வருடம் சேர்த்தது. முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததும் வேலையை விட்டு வீட்டோடு வந்துவிடலாம் என்று வைத்திருந்தாள். செம்மறி எட்டு வாங்கினால் ஒரே வருடத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்றார் இவர். கொடுத்தாள்.

முதல் ஈத்தில் ஒன்பது குட்டி. வெறும் புல்லில் குட்டி எலும்பாகத்தான் நிற்கும், கூடவே பயறுக்கொடி கொடுத்தால்தான் சதை பிடிக்கும் என்று கொல்லையில் தட்டைப்பயறு விதைத்தார். அதுவரை சரி. அறுத்த கொடியை நிழலில் அரை நாள் வாடப்போட்டுக் கொடுங்கள் என்று மனைவி போனில் சொன்னாள்.

"துணி துவைக்கிறவ எனக்கு ஆடு வளர்க்கச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டு, மழை ஈரத்தோடு அப்படியே அள்ளிப் போட்டார்.

பசியில் தின்ற குட்டிகளுக்கு வயிறு மத்தளமாக உப்பியது. பொழுது சாய்வதற்குள் ஏழு போய்விட்டன. அவள் திட்டவில்லை. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன் என்று மட்டும் சொன்னாள். போட்ட பணம் கைக்கு வராமல் வேலையை எப்படி விடுவாள்?

அவள் வருவாள் என்று எடுத்துவைத்த இரண்டு தட்டில் ஒன்று கவிழ்ந்தே கிடந்தது. அவள் போய் ஒன்பது வருடமாகியும் பழைய கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி அளந்துவிட்டு, மிச்சத்தை மறுநாள் தாமே தின்றார். தெருவில் யாராவது செருமினால்கூட வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஈத்தில் பதினொரு குட்டி. இந்த முறை கொடியை நிழலில் வாடவிட்டார். பார்க்க ஆளே இல்லாத கொல்லையில், யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொண்டுதான் பரப்பினார். தாய் ஆடுகள் பங்குக்கு வராதபடி கொட்டகை மூலையைப் பலகையால் அடைத்து, ஒரு சாண் அகலத்துக்குச் சந்து விட்டார். குட்டி நுழையும், தாய் நுழையாது. உள்ளே கொடி. தின்று கொழுத்த குட்டி என்றைக்கு அந்தச் சந்தில் இடுப்பு மாட்டி நிற்கிறதோ, அன்றைக்கு அது விலைக்கு ஆயிற்று. தராசு எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும்.

"எத்தனை நுழையுது?"

"ஒம்பது."

"அப்ப நான் வர இன்னும் ஒம்பது குட்டி இருக்கு."

ஏழுக்கு வந்ததும் கணக்கு நின்றுவிட்டது. மூன்று ஞாயிறும் ஏழு. நான்காவது சனிக்கிழமை மூட்டைக்காரர் சுத்தியலை எடுத்தார். சந்து குறுகும்படி பலகையை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி அடித்தார். மறுநாள், "ரெண்டுதான் நுழையுது" என்றார். அவள் சிரித்தது காதுக்குள் கூசியது. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடப் போவதாகவும், துணிமணி வைக்க ஒரு பை பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னாள்.

திங்கள் முழுக்க ஐந்து குட்டிகள் சந்தில் தலையை மட்டும் நுழைத்து, உள்ளே கிடந்த கொடியைப் பார்த்துக் கத்தின. பிறகு வற்றிப்போன மடியை முட்டப் போயின. வியாழக்கிழமை அவர் அதில் ஒன்றைத் தூக்கினார். மூட்டையில் அரைப்படி குறைந்தாலும் சொல்லிவிடுகிற கை அது. சொல்லிவிட்டது.

பலகையைப் பழைய இடத்தில் அடித்துவிட்டு, போனை எடுத்தார்.

"என்னங்க, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே?"

"ஏழு நுழையுது."

"ரெண்டுன்னீங்க."

"பலகையை ரெண்டு விரக்கடை தள்ளி அடிச்சிட்டேன்."

அங்கே அவள் துவைக்கும் இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"எதுக்கு?"

அவர் கவிழ்ந்து கிடந்த தட்டைப் பார்த்தார்.

"வீட்ல பேச ஆளில்லை."

முப்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. அவள் கேட்டாள்: "கொடியை வாடவிட்டுத்தான போடுறீங்க?"

"ம்."

"அப்ப வளரட்டும். நான் எங்கயும் ஓடிப்போயிடல."

கடைசிக் குட்டி சந்தில் மாட்டிக்கொள்ள இன்னும் ஏழு வாரம் பிடித்தது. பதினொன்றையும் வியாபாரியிடம் அடித்துப் பேசி விற்றார். ஒரு பைசா விட்டுக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்து ஆஸ்பத்திரியின் பின் வாசலில் போய் நின்றார். அவள் ஈரக் கையைத் துடைத்தபடி நொண்டி நொண்டி வந்தாள்.

"வீட்டுக்கு வந்தப்புறம் குடுத்தா ஆகாதா?"

"கடன்னு சொல்லித்தான வாங்கினேன். கையை நீட்டு."

சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போன உள்ளங்கை. அதில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தார். காவல்காரருக்கும் கேட்கட்டும் என்று உரக்கத்தான் எண்ண ஆரம்பித்தார். அறுபதைத் தாண்டியதும் குரல் இறங்கியது. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது அவளுக்கு மட்டுமே கேட்டன. எண்பதாவது தாளை வைத்து, காற்றில் பறந்துவிடாமல் தம் கையாலேயே மூடிப் பிடித்துக்கொண்டார்.