கடவுச்சொல்லின் கடைசி எழுத்து

கணவர் மாரடைப்பில் போவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் டெப் என்கிற கைக்கணினிக்குப் பூட்டுப் போட்டார். மகள் தனியே இருந்து வீடியோ பார்க்கிறாள் என்று நான்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். துறைமுகத்து வேலைக்கு அவசரமாகப் புறப்பட்டபடி, "பிள்ளையை நான் கூப்பிடுற பேர்தான் பாஸ்வேர்ட். இங்கிலீஷ் எழுத்தில போட்டிருக்கிறன். உமக்குத் தெரியாததே?" என்று சிரித்தார்.

அவர் வேலைக்குப் போகும் இரவுகளில் மகள் கேட்டுத் தூங்குவதற்காகச் சொன்ன கதைகள் எல்லாம் அந்த டெப்புக்குள் அவர் குரலிலேயே பதிந்திருந்தன. வேறெங்கும் இல்லை.

குஞ்சு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். ஆனால் அதை அவர் ஆங்கில எழுத்தில் எழுதி நான் பார்த்ததில்லை. ஜே போட்டுப் பார்த்தேன், சீஎச் போட்டுப் பார்த்தேன். சொல்லின் முடிவில் ஒரு யூ, பிறகு இரண்டு ஓ. ஒவ்வொரு பிழைக்கும் டெப் என்னை இன்னும் கூடுதல் நேரம் காக்கவைத்தது.

மகளின் ரீச்சர் பாடங்களை அதற்குத்தான் அனுப்புவார். வேறொன்று வாங்க வழியில்லை. திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன்.

"திறக்க ஏலாது, அக்கா. எல்லாத்தையும் அழிச்சால் பாவிக்கலாம்," என்றார் கடைக்காரர். "உள்ளுக்க என்ன, தங்க நகையே?"

"அவற்ர குரல்."

அதற்குப் பிறகு கடைக்காரர் பகிடி விடவில்லை. "யோசிச்சிட்டு வாங்கோ," என்று திருப்பித் தந்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். பிள்ளையின் படிப்புத்தான் முக்கியம் என்று கணவரும் சொல்லியிருப்பார் என நினைத்தேன். இப்போது அது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

"அழியுங்கோ," என்றேன்.

அன்று பின்னேரம் குசினியில் உட்கார்ந்து புதுப் பூட்டுப் போட்டேன். அவர் வைத்த சொல்லே இருக்கட்டும் என்று, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினேன். "குஞ்சு."

பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "நீங்கள்தான் குஞ்சு எண்டு சொல்லுவீங்கள், அம்மா. அப்பா குஞ்சி எண்டெல்லோ கூப்பிடுவார்."

"குஞ்சியோ?"

"ஓம். குஞ்சீ, இஞ்ச வாங்கோ எண்டு."

அவர் சம்பூர்க் கிராமத்துக்காரர். நான் நகரத்தில் வளர்ந்தவள். இத்தனை காலமும் என் வாயில் வந்ததையே அவர் வாயிலும் கேட்டிருக்கிறேன். முடிவில் அந்த இங்கிலீஷ் ஐ எழுத்தை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால் திறந்திருக்குமோ, தெரியாது. ஜேயா சீஎச்சா என்பது இன்னும் தெரியாது.

கடைசி எழுத்தை அழித்துவிட்டு ஐ போட்டேன். உறுதிப்படுத்த மறுபடியும் தட்டச் சொன்னது டெப்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றேன் மகளிடம். "அப்பா மாதிரி."

அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன்.