ஓபல் ரக்கரின் இரண்டரை அங்குலம்

வண்டியில் ஏறுவதற்கு முன் ஓபல் ரக்கர் சரளையில் மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றி பானெட்டின் மேல் வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்க்கிறார். எண்ணெய் கசிகிறதா, எங்காவது புதிதாகக் கல் உரசியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, முழங்காலைத் தட்டியபடி எழுந்திருக்கிறார். “வயித்தப் பாக்காம வண்டிய எடுக்கக் கூடாது” என்பார், யாரும் கேட்காமலேயே.

அறுபதை நெருங்கும் குள்ளமான பெண்மணி. ஓட்டுநர் இருக்கையில் குதிரைப் போர்வையை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். ராக்ஸ்பிரிங்ஸைச் சுற்றியுள்ள பண்ணைகளிலிருந்து நீளமயிர் அங்கோரா ஆடுகளை ஏலத்துக்கு ஏற்றிச் செல்வது அவர் தொழில். ஆடு ஏற்றியிருக்கும்போது ரேடியோ போடமாட்டார். “அதுங்க இருமுனா எனக்குக் கேக்கணும்ல?” காப்பியில் சர்க்கரைக்குப் பதில் ஒரு சிட்டிகை உப்பு. ஏன் என்று கேட்டால், அப்பா அப்படித்தான் குடித்தார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வண்டி வெள்ளை நிறக் கனரக பிக்கப்; பின்னால் ஆடுகளுக்கான டிரெய்லர் கோத்திருக்கும். பின்சக்கரம் இரண்டு மட்டுமே இழுக்கும். கல்லும் ஓடையுமான எங்கள் டெக்சஸ் மேட்டில் அது கேலிக்குரிய விஷயம். ஓபல் மசிய மாட்டார். “நாலு சக்கரமும் இழுக்கணும்னா முன்னாடி இன்னொரு இரும்புப் பெட்டி தொங்கும். அந்த எடைக்கு நான் ஆடு ஏத்துவேன்.”

வசந்த கால மழையில் பிளெட்சோ பண்ணைக்குப் போகும் ஓடைப் பாதையில் பாறைகள் புரண்டு கிடந்தன. ஆடுகளோடு திரும்பி வந்த ஓபலின் வண்டி ஒரு பாறையின் மேல் வயிற்றை வைத்து நின்றுவிட்டது. பின்சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் கார்லண்ட் பேட், டிராக்டரைக் கொண்டு வந்து இழுத்துவிட்டார். அதோடு விட்டாரா? மறுநாள் காப்பிக் கடையில் தொப்பியை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னார். “நம்ம ஓபல் வண்டி அடைகாக்குற கோழியாட்டம் கல்லு மேல உக்காந்துடுச்சுப்பா! எழுப்பினா கொத்த வருது!”

எல்லாரோடும் சேர்ந்து ஓபலும் சிரித்தார். ஆனால் ஜோலின் பிளெட்சோ தொலைபேசியில் தயங்கித் தயங்கி, “அடுத்த ஏலத்துக்கு வேற வண்டி பாத்துக்கலாம்னு இருக்கோம், ஓபல். தப்பா எடுத்துக்காத” என்றதும் அந்தச் சிரிப்பு நின்றது. ஜோலின் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அந்தப் பண்ணை ஆடுகளை ஓபல்தான் ஏற்றி வந்திருக்கிறார்.

“வண்டிய ஒசத்திடப் போறேன்” என்று காப்பிக் கடையில் அறிவித்தார்.

“ரெண்டு சக்கர வண்டிக்கு ஹை ஹீல்ஸா?” என்றார் கார்லண்ட்.

“ஆமாய்யா. உனக்கும் ஒரு ஜோடி வேணும்னா கால் அளவு குடு.”

கெர்வில் ஊரிலிருக்கும் பட்டறைக்குத் துணையாக நானும் போனேன். என் தீவனக் கடையை மனைவி பார்த்துக்கொண்டாள். பட்டறைக்காரர் டோபினுக்கு நாற்பது வயதிருக்கும். ஓபல் விசாரித்து வைத்திருந்தது இருப்பதிலேயே மலிவான வழி: ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வட்டக் கட்டையைச் செருகிவிடுவது. டோபின் பின்கட்டுக்கு அழைத்துப் போய், அப்படிச் செய்த ஒரு வண்டியைக் காட்டினார். முன்சக்கரங்களின் மேல்பக்கம் வெளியே சாய்ந்து நின்றது. டயரின் வெளி விளிம்பு கம்பி தெரியத் தேய்ந்திருந்தது, உள்பக்கம் புதிதுபோல் இருந்தது.

“ஸ்பிரிங்க மட்டும் ஒசத்துனா இப்படித்தாம்மா. அச்சு தொங்குற எடத்தயும் சேத்துக் கீழ எறக்கணும்.”

ஓபல் தேய்ந்த விளிம்பை விரலால் தடவினார். “நல்லவேளை காட்டுன, தம்பி. இது வேணாம்.”

உடனே டோபினுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாசலில் ஆறு அங்குலம் உயர்த்திய கறுப்பு வண்டி ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. “ஏறிப் பாருங்கம்மா. ஊரே திரும்பிப் பாக்கும்.”

ஓபல் தொற்றி ஏறினார். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்து, முகவாயை உயர்த்தி, வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது பிடித்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. “இங்கேந்து பாத்தா கார்லண்டோட வழுக்கை பளிச்சுன்னு தெரியும்” என்றார். பிறகு பெருமூச்சு விட்டு இறங்கி, வண்டியின் பின்னால் போய் நின்றார்.

“இவ்ளோ ஒசந்தா டிரெய்லர் மூக்கத் தூக்கிக்கும். ஆடெல்லாம் பின்னால சரியும். குட்டிங்க அடியில மாட்டிக்கும்.”

“டிரெய்லரயும் ஒசத்திடலாம்மா.”

“அப்பறம் ஆடு ஏறுறதுக்கு ஏணி வாங்கணுமா?”

டோபின் சிரித்துவிட்டார். இருவரும் தரையில் குந்தி, சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கோடு போட்டு முடிவுக்கு வந்தார்கள். முன்னால் இரண்டரை அங்குலம் உயரமான ஸ்பிரிங், அதற்கேற்பக் கீழிறக்கிய அச்சுத் தாங்கிகள். பின்னால் பாரத்தில் தொய்யாமலிருக்க ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதல். டயர் ஓர் அளவு பெரிது. அவ்வளவுதான்.

“ரெண்டர அங்குலம் யார் கண்ணுக்கும் தெரியாதேம்மா” என்றார் டோபின், கடைசி முயற்சியாக.

“கல்லுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

ஏலத்துக்கு முன்பு ஓபலே ஜோலினைக் கூப்பிட்டார். “ஒரே ஒரு தடவ குடு. கல்லு மேல உக்காந்துட்டேன்னா இனிமே என்னக் கூப்பிடாத.” அந்த வாரம் மறுபடி மழை. பண்ணையில் ஆடுகளை ஏற்றிக்கொண்டு ஓடைக்கு வந்தபோது, நான் பக்கத்து இருக்கையில் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் கார்லண்ட், டிராக்டர் இன்ஜினை ஓடவிட்டபடி காத்திருந்தார்.

ஓபல் நிற்கவில்லை, விரையவும் இல்லை. தண்ணீருக்குள் இறங்கி, பாறைகளுக்கு நேராக முன்பக்கத்தைக் கொடுத்தார். மூக்கு எழுந்தது, தாழ்ந்தது. உரசும் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். வரவில்லை. பின்னால் ஓர் ஆடு மட்டும் இருமியது. “அதுக்கு ஒண்ணுமில்ல, வைக்கோல் தூசி” என்றார் ஓபல். கரை ஏறிவிட்டோம்.

கார்லண்ட் டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கி வந்து, வண்டியைச் சுற்றிவந்தார். “எங்கடி ஒசத்தின? எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே!”

ஓபலுக்குச் சுருக்கென்றது. காது நுனிவரை சிவந்திருந்தார்.

கார்லண்ட் தரையைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். “ஏலத்துக்குத்தான போறீங்க? நானும் வர்றேன். இது எப்படி ஓடுதுன்னு பாக்கணும்.”

நான் நடுவில் நகர்ந்து இடம் விட்டேன். கார்லண்ட் இடுப்பு வலிக்காரர்; ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்கப் பார்த்தார். இரண்டரை அங்குலம் எட்டவில்லை. மறுபடி முயன்றார். ஓபல் ஸ்டியரிங்கை விட்டு, என் மடிக்குக் குறுக்கே சாய்ந்து, அவரை நோக்கிக் கையை நீட்டினார்.