உப்புத் தொட்டியின் எட்டு மணி நேரம்

9-5-2017. முதல் தவணை, 40 லட்சம். வந்தது.
18-9-2017. இரண்டாம் தவணை, 40 லட்சம். வந்தது 22.
10-1-2018. மூன்றாம் தவணை, 40 லட்சம். பரிசீலனையில்.
30-6-2018. நான்காம் தவணை, 65 லட்சம். நிபந்தனையுடன்.

ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் மணிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அங்கே நடந்தது புது மாதிரி அணு உலைக்கான ஒரு சோதனை. அந்த உலையில் தண்ணீருக்குப் பதிலாக உருகிய உப்பு ஓடும். அதை எந்த உலோகம் தாங்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் ஒரு தொட்டியில் எழுநூறு டிகிரியில் உப்பை உருக்கி, பதினாறு உலோகத் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்தாயிரம் மணி நேரம். நடுவில் மின்சாரம் நின்றால் உப்பு உறையும், குழாய் விரியும், அத்தோடு எல்லாம் போச்சு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சூட்டைப் பதிவேட்டில் எழுதுவது மணிக்காரரின் வேலை. வீட்டில் பால் காய்ச்சினாலும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஜூன் 30 மாலை ஐந்துக்குள் பத்தாயிரம் நிறைந்தால்தான் நான்காம் தவணை என்று நிதிக்குழு சொல்லியிருந்தது. மணி எண்ணும் கருவியின் கணக்குப்படி அன்று மூன்று மணிக்கே நிறைந்துவிடும். ஆய்வுக்கூடத்தின் பதினான்கு பேருக்கும் மூச்சு வந்தது.

28ஆம் தேதி, பதிவேட்டை, சூட்டைத் தானாகவே கோடாக வரையும் கருவியின் வரைபடச் சுருளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பிப்ரவரி 13இல் கை நின்றுவிட்டது. அன்று காலை ஆறு முதல் பகல் இரண்டு வரை சிவப்புக் கோடு ஐந்நூற்று நாற்பதில் படுத்திருந்தது; உப்பு உறையாத சூடுதான், ஆனால் சோதனைக் கணக்கில் சேராது. பதிவேட்டிலோ முத்து முத்தாக நான்கு முறை எழுநூறு. அவருடைய கையெழுத்து. அன்றுதான் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை. மாற்றாள் இல்லாததால் வேலைக்கு வந்திருந்தார். மனம் ஆஸ்பத்திரியில் இருந்தது; கை பழக்கத்தில் எழுதியிருக்கிறது. இரண்டு மணிக்கு வேலை மாற்ற வந்தவர், விழுந்திருந்த ஒரு ஹீட்டரின் சுவிட்சைத் தூக்கிவிட்டு, சொல்ல மறந்துபோனார்.

தலைமைப் பொறியாளரிடம் சுருளை விரித்துக் காட்டினார்.

“எட்டு மணி நேரம்தானே அண்ணா,” என்றாள் அவள். “பத்தாயிரத்துல எட்டு. யாரு சுருளைப் பிரிச்சுப் பாக்கப் போறா?”

“நான் பாத்துட்டேனே மேடம்.”

“பணம் வரலேன்னா தொட்டியே அணைஞ்சிடும். தெரியும்ல?”

“தெரியும். ஆனா நாளைக்கு ஒருத்தர் இந்தக் கணக்கை நம்பித்தான் நிஜ உலையைக் கட்டுவாரு.”

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “உங்களை வச்சுக்கிட்டு நான் படற பாடு இருக்கே. எட்டைக் கழிச்சு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்.”

வீட்டில் மனைவி கேட்டாள்: “என் கண்ணாலதானே இந்த வம்பு?”

“உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாக்காம விட்டது என் கண்ணு.”

“நாலு தடவையும் என்னையா நினைச்சுக்கிட்டிருந்தீங்க?” அவள் சிரிப்பை அடக்கவில்லை. “முப்பது வருஷத்துல இப்பத்தான் எழுத்துல ஒரு சாட்சி கெடச்சிருக்கு.”

30ஆம் தேதி மாலை ஐந்துக்கு அனுப்பிய கணக்கு: 9,994 மணி நேரம்.

அதன் பிறகு நிதிக்குழுவிடமிருந்து பதில் இல்லை. ஜூலை 31 வரைதான் மின்கட்டணம் கட்டியிருந்தது. மணிக்காரர் தினமும் சூடு காட்டும் முள்ளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, வாய்விட்டுப் படித்த பிறகே எழுதினார். அணைக்கும் நாள் வந்தால் அன்றைய பதிவையும் தானே எழுதுவது என்று முடிவு செய்திருந்தார்.

திருத்தத்தில் கையெழுத்திட்டவர் என்பதால் நிதிக்குழுவின் பதில் கடிதத்தின் நகல் ஒன்று வீட்டுக்கே வந்தது. உறையைப் பிரிக்காமல் மனைவியிடம் நீட்டினார். மனைவி வாங்கி, கண்ணாடி இல்லாமலே படித்தாள். நான்காம் தவணை இப்போதைக்கு இல்லை. எட்டு மணி நேரம் கழிக்கப்பட்டதைக் குழு கவனித்தது. மேற்கொண்டு முடிவாகும்வரை மூன்று மாத மின்கட்டணம் மட்டும் தரப்படும். உப்பை உறையவிட வேண்டாம்.

“மூணு மாசம்,” என்றாள். “அப்புறம்?”

“அப்புறம் தெரியாது.” சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். “ராத்திரி பத்து மணிக்கு முள்ளு பாக்கணும்.”

“குடையை எடுத்துக்குங்க. அங்க போயாவது என்னை நினைக்காதீங்க.”

பத்து மணிப் பதிவு: 700. பார்த்து எழுதியது. கீழே ஒரு வரி: கடிதம் வந்தது, 30-7-2018, திங்கட்கிழமை.