கேனில் கட்டிய கயிறு

அம்பாசமுத்திரம் போகும் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஈரக் கயிறு, கையில் நீலக் கேன். நெஞ்சு வலித்தது. ஆற்றின் ஆழமான கசத்தில் முங்கியது நினைவிருந்தது. மேலே வந்தது நினைவில்லை.

கொற்கைக்குக் கிழக்கே கடலோரத்தில், சங்கு குளிக்கும் படகுக்காரர் ஒருவரிடம் வேலை கேட்டிருந்தேன். மூச்சடக்கப் பழகிவிட்டு வரச் சொன்னார். பிறகு, "கயிறு பிடிக்க மச்சான் இருக்கானாலே?" என்றார். கல்யாணம் ஆகாதவனைக் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

தனியாகப் பழகுவதால் எல்லாம் பார்த்துத்தான் செய்தேன். மிதவைக்கு மூடி இறுக்கிய காலிக் கேன். அதிலிருந்து நைலான் கயிறு, நுனியில் அம்மிக்கல் துண்டு. முழத்துக்கு ஒரு முடிச்சு. கை நழுவினாலும் விலகிப் போகாதபடி மணிக்கட்டிலிருந்து அந்தக் கயிற்றுக்கு ஒரு வளையம். இடுப்பில் ஈயக்குண்டு கோத்த பெல்ட், ஒரே இழுப்பில் அவிழும்படி. செல்போனில் யாரோ காட்டியபடி இருபது முறை வேகமாக மூச்சை இழுத்து விட்டு இறங்கினேன். பதினோராவது முடிச்சைப் பிடித்துக்கொண்டு நொடிகளை எண்ணினேன். கஷ்டமாகவே இல்லை. எப்போது மயங்கினேன் என்பதுதான் இன்னும் புரியவில்லை.

கண் திறந்தபோது மணலில் குப்புறக் கிடந்தேன். எருமை குளிப்பாட்ட வந்தவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். இறங்கினவன் வரக் காணோமே என்று கயிற்றை இழுத்தாராம். பெல்ட்டையும் அவர்தான் அவிழ்த்திருந்தார்.

"கேனு மெதக்கும்லே. நீ வரலைன்னா அதுக்குத் தெரியுமா?"

கயிற்றைச் சுருட்டினேன். பைய எழுந்து கிளம்பிவிட்டேன்.

அன்றே பஸ் மாறி மாறிக் கடலோரம் போய்ச் சேர்ந்தேன். நடந்ததைக் கேட்ட படகுக்காரர் திட்டவில்லை. அவர் குளிக்கும்போது கயிறு பிடிப்பது அவருடைய மனைவியின் தம்பியாம். அக்காளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குவதால் அவன் கவனம் பிசகாதாம். எனக்குப் பெண்டாட்டியும் இல்லை, கூடப்பிறந்தவளும் இல்லை. அப்படியானால் தனி ஆள் எப்படித்தான் பழகுவது என்று கேட்டேன்.

"பழகாண்டாம்லே," என்றார்.

மறுநாள் காலை என் கயிற்றைப் படகில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் கரையில் உட்கார்ந்து, முந்தின வாரம் எடுத்த சங்குகளின் அழுகிய சதையைக் கம்பியால் நோண்டிக் கழுவும் வேலையில் சேர்ந்தேன்.