தனியாகத் தின்ற சேவல்

பாலாவிக்கு அப்பால், உப்பளத்தை ஒட்டிய வளவொன்றில் நாட்டுக்கோழி வளர்த்தார் அவர். நெடிய, மெலிந்த மனிதர். இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்பில் எப்போதும் ஒரு பிடி அரிசி இருக்கும். இளஞ்சேவல்களின் முன்னால் அதைத் தூவிவிட்டுக் குந்தியிருந்து பார்ப்பார். தீனியைக் கண்டதும் பேட்டுக் கோழிகளைக் கூப்பிட்டு, அவை தின்ற பிறகு தின்னும் சேவலைத்தான் இனத்துக்கு வைத்துக்கொள்வார். தானே விழுங்குவது கறிக்குப் போகும்.

நான் சேவல் வாங்கப் போன நாளில் வளவு வெறிச்சோடிக் கிடந்தது. கோழிக் காய்ச்சல். அவர் பெரிதாக மதித்த செஞ்சேவல் கழுத்துத் திருகி வேலியோரம் சாய்ந்திருந்தது. தின்னுமா என்று பார்க்க அரிசி போட்டார். சேவலால் கொத்த முடியவில்லை. ஆனாலும் அடைத்த குரலில் பேடுகளைக் கூப்பிட்டது. மிஞ்சிய சில பேடுகள் ஓடி வந்தன. அவர் பதறிப்போய் அவற்றை விரட்டினார்.

“கூப்பிட்டுக் கூப்பிட்டே எல்லாத்துக்கும் நோயக் குடுத்துட்டான், தம்பி.”

“மருந்து ஒண்டும் இல்லையா நாநா?”

“இனி என்ன மருந்து.”

சேவலைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். அறுத்துப் புதைத்துவிட்டுக் கை கழுவி வந்தார்.

மறுகோடியில், பெருநாளைக்கு அறுக்க ஒதுக்கியிருந்த சாம்பல் சேவல் தனியே நின்றது. அதற்கு நோயில்லை.

“இவன் ஒண்டோடயும் சேராம தப்பிட்டான். இனி இவன்ட குஞ்சுதான்” என்று மடியில் எஞ்சிய அரிசியைத் தூவினார்.

பேடுகளைக் கொத்தி விரட்டிவிட்டு அது தின்னத் தொடங்கியது. அவர் குந்தவில்லை. அது தின்று முடியும்வரை உப்பளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.