நான் எடுத்துக் குடுத்த துடுப்பு

எங்க வூட்டுல துடுப்பு அடுப்பாங்கரையிலதான் இருக்கும், அரிசிப் பானைக்குப் பின்னால. வூட்டுக்காரரு மணலூர்பேட்டை பக்கம் பெண்ணையாத்துல பரிசல் ஓட்டுனவரு. மழைக்காலத்துல தரைப்பாலம் முழுகிட்டா அக்கரைக்குப் போக அந்தப் பரிசல வுட்டா சுருக்கு வழி கெடையாது. மனுசன் நல்லவருதான். சாராயம் உள்ள போனா மட்டும் ஆத்துக்கே ராசான்னு நெனப்பு. ஒரு தடவ போதையில பரிசல கவுத்து, ரெண்டு பேர முடியப் புடிச்சி இழுத்துக் கரையில போட்டாங்க. பரிசல்காரன மோந்து பாக்க போலீசா வரப்போறாங்க? நானே சட்டம் போட்டேன். காலையில என் மூஞ்சிக்கு நேரா வாய ஊதணும், வாடை அடிச்சா துடுப்பு கெடையாது.

"ஊதுய்யா"ன்னா மொறைப்பாரு, ஆனா ஊதுவாரு. ஊருக்கே இது தெரியும். "அந்தம்மா மோந்து பாத்துட்டுதான் அனுப்பும், தைரியமா ஏறு"ன்னு சொல்லிக்குவாங்க. எனக்கும் அதுல கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்லுவானேன்.

அந்த ஐப்பசியில எனக்கு சரியான ஜலதோஷம். அவரு ஊதினாரு. ஒண்ணும் தெரியல. துடுப்ப எடுத்துக் குடுத்தேன். பத்தாவது படிச்சிக்கினு இருந்த எங்க பொண்ணு கொஞ்ச நேரம் பொறுத்து நீலத் தாவணியில பையத் தூக்கிக்கினு கெளம்பினா. பள்ளிக்கூடம் அக்கரையில.

நான் அடுப்புல கொழம்ப வெச்சிட்டு, முதுகு காட்டி அம்மியில அரைச்சிக்கினு இருந்தேன். பக்கத்து வூட்டுக்காரி ஓடியாந்தா.

"இன்னாடி பண்ற? கொழம்பு தீஞ்சி தெருவே நாறுது, உனக்குத் தெரியல?"

திரும்பிப் பாத்தா சட்டி கருகிப் புகையுது. மூஞ்சிய கிட்ட கொண்டு போனேன். ஒரு வாடையும் இல்ல. அடப்பாவி, இந்த மூக்க வெச்சிக்கினா அவர மோந்து பாத்தேன்!

செருப்புகூட போடல, ஓடுனேன்.

ஆறு செம்மண்ணா பொரண்டு ஓடுது. நடு ஆத்துல பரிசல். அவரு எழுந்து நின்னு துடுப்ப ஆட்டிப் பாடிக்கினு இருக்காரு. உள்ள அஞ்சு பேரு. என் கண்ணுக்கு ஒரு நீலத் தாவணி மட்டும்தான் தெரிஞ்சிது. கத்தலாம்னு வாயத் தொறந்தேன். கத்துனா திரும்புவாரு, அவரு திரும்புனா பரிசல் சாயும். முந்தானைய வாயில திணிச்சிக்கினு நின்னேன். பரிசல் சுத்துது. நீலம் தெரியுது, மறையுது, தெரியுது, மறையுது. மறையறப்பல்லாம் எனக்கு உசுரே இல்ல.

துறையத் தாண்டி ரொம்ப கீழ போயி, நாணல்ல முட்டி நின்னுச்சு. ஒவ்வொருத்தரா எறங்குனாங்க. அஞ்சு தல இருக்குதான்னு திரும்பத் திரும்ப எண்ணினேன். அந்த ஆளு அங்கியே படுத்துட்டாரு.

சாயங்காலம் பொண்ணு, பெரிய பாலத்த சுத்திக்கினு வர்ற பஸ்ஸுல வந்தா. வாசல்லயே மடக்கினேன். பயமெல்லாம் கோவமா வந்துச்சு.

"உங்கப்பா குடிச்சிருந்தது தெரியலையாடி உனக்கு? மூக்கு இல்ல? ஏன் ஏறுன?"

"தெரிஞ்சிதும்மா. கரையிலயே எல்லாருக்கும் நாத்தம் அடிச்சிது."

"அப்பறம்?"

"துடுப்பு கையில இருந்துதே. நீ குடுக்காம எப்படி வரும்? அதான் எல்லாரும் ஏறிட்டோம்."